ஜி மேஜர் ஸ்கேல்: முதல் பேட்டர்ன் ஆச்சு, நெக் முழுக்க எப்படிப் போறது?

புதுத்தந்தி:

வணக்கம். ஆறு ஸ்ட்ரிங் கிட்டார், ஸ்டாண்டர்ட் டியூனிங் (தடிச்சதுல இருந்து இ, ஏ, டி, ஜி, பி, இ). ஜி மேஜர் ஸ்கேலை 2-வது ஃப்ரெட்டுக்கும் 5-வது ஃப்ரெட்டுக்கும் நடுவுல வாசிக்கிற பேட்டர்ன் கைக்கு வந்துடுச்சு. நிமிஷத்துக்கு 80 தட்டு வேகத்துல தடுக்காம ஏறி இறங்க முடியுது. அது இதுதான் (6-ன்னா தடிச்ச ஸ்ட்ரிங், எண்கள் ஃப்ரெட், அதாவது நெக்குல குறுக்கே கம்பி பதிச்ச கட்டம்):

6: 2 3 5
5: 2 3 5
4: 2 4 5
3: 2 4 5
2: 3 5
1: 2 3 5

எனக்கு மூணு சந்தேகம். சிலர் மொத்தம் அஞ்சு பேட்டர்ன்னு சொல்றாங்க, சிலர் ஏழுன்னு சொல்றாங்க. எது சரி? அடுத்தது, 5-வது ஃப்ரெட்டைத் தாண்டினதும் எங்க நிக்கிறோம்னே தெரியல. ஒரு பேட்டர்ன்ல இருந்து இன்னொண்ணுக்கு எப்படிப் போறது? கடைசியா, ஏழு பேட்டர்னுக்கும் டோரியன், ஃப்ரிஜியன்னு மோடு பேர் போட்டிருக்காங்களே, அதையும் இப்பவே மனப்பாடம் பண்ணணுமா?

ஆறாம்கம்பி:

அஞ்சும் சரி, ஏழும் சரி. நெக்குல இருக்கிறது ஒரே ஏழு ஸ்வரம். அதை எந்த இடத்துல வெட்டிப் படம் போடுறோம்கிறதுல மட்டும்தான் வித்தியாசம். கை நகராம நாலஞ்சு ஃப்ரெட்டுக்குள்ள அடங்குற மாதிரி வெட்டினா அஞ்சு. ஒவ்வொரு ஸ்ட்ரிங்லயும் மூணு மூணு ஸ்வரம்னு வெட்டினா ஏழு. எதை எடுத்தாலும், புள்ளி வெச்ச படத்தை மனப்பாடம் பண்ணினா 5-வது ஃப்ரெட்டைத் தாண்டினதும் இருட்டுதான். எந்தப் புள்ளி எந்த ஸ்வரம்னு தெரிஞ்சா மட்டும்தான் அடுத்த பேட்டர்ன் தானா வரும்.

அதனால படத்தை மூடி வெச்சிட்டு 3-வது ஸ்ட்ரிங்கை மட்டும் எடுங்க. ஓப்பனே (எந்த ஃப்ரெட்டையும் அழுத்தாம அடிச்சா) ஜி. அதையே சட்ஜமா வெச்சுக்கிட்டா:

ச 0, ரி 2, க 4, ம 5, ப 7, த 9, நி 11, மேல் ச 12

எல்லா இடத்துலயும் ரெண்டு ஃப்ரெட் இடைவெளி. க–ம, நி–ச இந்த ரெண்டு இடத்துல மட்டும் ஒரு ஃப்ரெட். மேஜர் ஸ்கேல்ல தெரிஞ்சுக்க வேண்டிய விஷயம் மொத்தமும் இந்த ஒரு வரிதான். வாயால ஸ்வரம் சொல்லிக்கிட்டே ஏறி இறங்குங்க. அப்புறம் 5-வது ஸ்ட்ரிங்ல பண்ணுங்க. அங்க ஓப்பன் ஏ, அதாவது ரி-யில ஆரம்பம்: ரி 0, க 2, ம 3, ப 5, த 7, நி 9, ச 10, ரி 12. எண்ணை மனப்பாடம் பண்ணாதீங்க. "க-வும் ம-வும் ஒட்டி, நி-யும் ச-வும் ஒட்டி"ன்னு சொல்லிக்கிட்டே விரலைத் தேட விடுங்க. ஆறு ஸ்ட்ரிங்லயும் இப்படி முடிச்சிட்டு வாங்க. ஒரு ஸ்ட்ரிங்குக்கு ரெண்டு நாள் போதும்.

இப்ப ஒரு ஸ்ட்ரிங்குக்கு மூணு ஸ்வரம்னு வெட்டுற முறை. எந்த ஸ்வரத்துல ஆரம்பிச்சாலும் விரல் அமைப்பு மூணே வகைதான்:

அகலம்: ரெண்டு, ரெண்டு இடைவெளி (3-5-7 மாதிரி). சரிக, மபத, பதநி.
முன்நெருக்கம்: ஒண்ணு, ரெண்டு (4-5-7 மாதிரி). நிசரி, கமப.
பின்நெருக்கம்: ரெண்டு, ஒண்ணு (5-7-8 மாதிரி). தநிச, ரிகம.

சரிக-வை ஒரு ஸ்ட்ரிங்ல வாசிச்சா அடுத்த ஸ்ட்ரிங் மபத, அதுக்கடுத்தது நிசரி, அப்புறம் கமப, தநிச, ரிகம, பதநி, திரும்ப சரிக. இது மாறாத சுற்று. பதநி-யில இருந்து எண்ணினா மூணு அகலம், ரெண்டு முன்நெருக்கம், ரெண்டு பின்நெருக்கம். ஏழு பேட்டர்னும் இந்தச் சுற்றுல வேற வேற இடத்துல நுழையுறதுதான்.

அடுத்த ஸ்ட்ரிங் எந்த ஃப்ரெட்ல தொடங்கும்? ஸ்ட்ரிங்குக்கு ஸ்ட்ரிங் அஞ்சு அரைஸ்வரம் வித்தியாசம் (ஒரு ஃப்ரெட்டுன்னா ஒரு அரைஸ்வரம்). நாம தாவுறதும் நாலாவது ஸ்வரத்துக்கு, அதுவும் அஞ்சு அரைஸ்வரம். அதனால அதே ஃப்ரெட். விலக்கு ரெண்டுதான். ம-வில இருந்து நி-க்குப் போகும்போது ஆறு அரைஸ்வரம், அதனால ஒரு ஃப்ரெட் மேல. 3-வது ஸ்ட்ரிங்ல இருந்து 2-வதுக்குப் போகும்போது ஸ்ட்ரிங் வித்தியாசமே நாலு அரைஸ்வரம்தான், அதனால அங்கயும் ஒரு ஃப்ரெட் மேல.

6-வது ஸ்ட்ரிங் 3-வது ஃப்ரெட் ஜி-யில ஆரம்பிச்சுப் பாருங்க:

6: 3 5 7 (சரிக)
5: 3 5 7 (மபத)
4: 4 5 7 (நிசரி, ம–நி, ஒண்ணு மேல)
3: 4 5 7 (கமப)
2: 5 7 8 (தநிச, ஸ்ட்ரிங் மாற்றம், ஒண்ணு மேல)
1: 5 7 8 (ரிகம)

இப்ப அடுத்த பேட்டர்ன், ரி-யில ஆரம்பம், 5-வது ஃப்ரெட்:

6: 5 7 8 (ரிகம)
5: 5 7 9 (பதநி)
4: 5 7 9 (சரிக)
3: 5 7 9 (மபத)
2: 7 8 10 (நிசரி)
1: 7 8 10 (கமப)

3-ல இருந்து 2-க்குப் போறப்ப 5-ல இருந்து 7-க்கு ஒரேடியா ரெண்டு ஃப்ரெட் தாவுது பாருங்க. ம–நி தாவலும் ஸ்ட்ரிங் மாற்றமும் ஒரே இடத்துல வந்து விழுந்ததால அப்படி. படத்தைப் பார்த்துக் கத்துக்கிறவங்க அதிகமாத் தடுக்குற இடம் இது. காரணம் தெரிஞ்சா தடுக்காது. மீதி அஞ்சையும் நான் எழுதப் போறதில்லை. இந்த விதியை வெச்சு நீங்களே தாள்ல எழுதுங்க. 6-வது ஸ்ட்ரிங்ல 7, 8, 10, 12, 14 இந்த ஃப்ரெட்டுகள்ல ஆரம்பிக்கும்.

நெக்பிக்கப்:

விதி அருமை, மறுக்கல. ஆனா 2–5 பேட்டர்ன்ல இருக்கிறவருக்கு அடுத்த படியா ஸ்ட்ரிங்குக்கு மூணு ஸ்வரம் கொடுக்கிறது எனக்கு ஒப்புதல் இல்லை. காரணம் கை.

648 மில்லிமீட்டர் ஸ்கேல் நீளமுள்ள (ஸ்ட்ரிங் அதிர்ற நீளம்) கிட்டார்ல 3-வது ஃப்ரெட் கம்பியில இருந்து 7-வது வரைக்கும் கிட்டத்தட்ட 11.2 செ.மீ. 1-ல இருந்து 5 வரைக்கும் 12.6 செ.மீ. இதே விரிப்பு 12-ல இருந்து 16 வரைக்கும்னா 6.7 செ.மீ.தான். அவர் இப்ப வாசிக்கிற 2–5 பேட்டர்ன் 9.2 செ.மீ. ஆக அகல அமைப்பை 3-வது ஃப்ரெட்ல ஆரம்பிச்சா பழகாத கை மணிக்கட்டை மடக்கும், கட்டைவிரல் நெக்குக்கு மேல ஏறும், சுண்டுவிரல் தட்டையாப் படுக்கும். அந்த நிலையில வேகம் கூட்டினா மணிக்கட்டுலயும் முன்கையிலயும் வலி வரும். வலி வந்தா அன்னைக்கு அதோட நிறுத்தணும்.

மூணு ஸ்வர முறைதான் வேணும்னா 12-வது ஃப்ரெட்டுக்குப் பக்கத்துல தொடங்குங்க. 6-வது ஸ்ட்ரிங் 12-ல தநிச பேட்டர்ன் வசதியா இருக்கும். கட்டைவிரல் நெக்கோட முதுகுல, நடுவிரலுக்கு நேர் எதிர்ல. அகலத்துக்கு ஆள்காட்டி, நடு, சுண்டு. முன்நெருக்கத்துக்கும் அதே மூணு விரல். பின்நெருக்கத்துக்கு மட்டும் ஆள்காட்டி, மோதிரம், சுண்டு. கை பழகப் பழக ஒவ்வொரு பேட்டர்னாக் கீழே இறங்கி வாங்க.

ஆனா முதல்ல அஞ்சு பொசிஷனை, அதாவது கை நகராத அந்த அஞ்சு பேட்டர்னை, முடிங்கன்னுதான் சொல்வேன். அதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. அந்த அஞ்சும் நமக்குத் தெரிஞ்ச கார்ட் வடிவங்கள் மேலயே உட்கார்ந்திருக்கு. கேஜ்டுன்னு சொல்றது சி, ஏ, ஜி, இ, டி ஓப்பன் கார்ட் வடிவங்களைத்தான். ஜி மேஜருக்கு நெக்குல மேல ஏறுற வரிசை:

இ வடிவம், 2–5
டி வடிவம், 4–8
சி வடிவம், 7–10
ஏ வடிவம், 9–13
ஜி வடிவம், 11–15 (கீழே ஓப்பன்ல இருந்து 4 வரைக்கும் இருக்கிறதும் இதுவே)

நீங்க வாசிக்கிறது இ வடிவம். 3-வது ஃப்ரெட்ல ஜி பார் கார்டைப் (ஆள்காட்டியைக் குறுக்கே படுக்க வெச்சுப் பிடிக்கிற கார்ட்) பிடிங்க: 6-ல 3, 5-ல 5, 4-ல 5, 3-ல 4, 2-ல 3, 1-ல 3. ஆறு புள்ளியும் உங்க பேட்டர்னுக்குள்ளேயே இருக்கு. அதே பேட்டர்னுக்குள்ள சி கார்டும் இருக்கு: 5-ல 3, 4-ல 2, 4-ல 5, 3-ல 5, 2-ல 5, 1-ல 3. டி கார்ட்: 5-ல 5, 4-ல 4, 3-ல 2, 2-ல 3, 1-ல 2, 1-ல 5. யாராவது ஜி, சி, டி-ன்னு ரிதம் போட்டா, கை நகராம ஒவ்வொரு கார்டுக்கும் அதோட ஸ்வரத்துல போய் நிக்கலாம். ஸ்கேல் படிக்கிறதே இதுக்காகத்தான். ஏறி இறங்குறது மட்டுமே பாட்டு ஆகாது.

ஆறாம்கம்பி:

கை அளவு விஷயத்துல நீங்க சொல்றது முழுக்கச் சரி, 12-க்குப் பக்கத்துல தொடங்கறதே நல்லது. ஆனா அஞ்சு பொசிஷனையும் ஸ்வரம் சொல்லித்தான் வாசிக்கணும்கிறதை விட்டுக்கொடுக்க மாட்டேன். இ வடிவத்துல 6-வது ஸ்ட்ரிங்ல முதல் புள்ளி 2-வது ஃப்ரெட், அது நி. சட்ஜமம் 3-ல. நிறைய பேர் 2-ல இருந்தே தொடங்கி 2-லயே முடிக்கிறாங்க. காது அந்த எஃப் ஷார்ப்பையே ஆதாரம்னு பதிஞ்சுக்கும். சட்ஜமத்துல தொடங்கி, மேல கடைசிப் புள்ளி வரைக்கும் போய், கீழ கடைசிப் புள்ளி வரைக்கும் இறங்கி, திரும்பச் சட்ஜமத்துல வந்து நிறுத்துங்க.

இணைக்கிறதுக்கு முன்னாடி சட்ஜமம் எங்கெங்க இருக்குன்னு தெரியணும். 15-வது ஃப்ரெட் வரைக்கும் ஜி இருக்கிற இடங்கள்: 6-ல 3, 15, 5-ல 10, 4-ல 5, 3-ல 0, 12, 2-ல 8, 1-ல 3, 15. இதை ரெண்டு சங்கிலியாப் பாருங்க. 6-ல 3, 4-ல 5, 2-ல 8. இன்னொண்ணு 5-ல 10, 3-ல 12, 1-ல 15. ரெண்டுலயுமே ஒரு ஸ்ட்ரிங் விட்டு அடுத்ததுல முதல்ல ரெண்டு ஃப்ரெட், அப்புறம் மூணு ஃப்ரெட் மேல. அந்த ஒரு ஃப்ரெட் கூடுறதும் 3-க்கும் 2-க்கும் நடுவுல இருக்கிற அதே வித்தியாசத்தாலதான்.

மெட்ரோனோம்60:

வலதுகையைப் பத்தி யாரும் சொல்லலையே.

ஸ்ட்ரிங்குக்கு மூணு ஸ்வரம்னா ஒற்றைப்படை. கீழ்-மேல்-கீழ்னு மாத்தி மாத்தி பிக் பண்ணினா அடுத்த ஸ்ட்ரிங் மேல் அடியில தொடங்கும், அதுக்கடுத்தது திரும்பக் கீழ். 5, 3, 1 ஸ்ட்ரிங்குகள் மேல் அடியில தொடங்கும். பலருக்கு அங்கதான் சத்தம் குறையும். அந்த ஸ்ட்ரிங்குகளை மட்டும் தனியா எடுத்து, முதல் ஸ்வரத்துக்கு அழுத்தம் கொடுத்துப் பழகுங்க. எகானமி பிக்கிங் பண்றவங்க கீழ்-மேல்-கீழ் முடிச்சு அதே கீழ் அசைவுல அடுத்த ஸ்ட்ரிங்கையும் அடிப்பாங்க, இறங்கும்போது மேல் அடியில அதே மாதிரி. வேகம் சுலபமா வரும். ஆனா பிக் அடுத்த ஸ்ட்ரிங்ல சறுக்கி முன்கூட்டியே விழும், தாளம் முன்னால ஓடும். மாத்தி மாத்தி அடிக்கிறது உறுதியான பிறகே அதுக்குப் போங்க.

மெட்ரோனோமை (தாளம் தட்டுற கருவி) 60-ல வெச்சு ஒரு தட்டுக்கு மூணு ஸ்வரம் வாசிச்சா ஒவ்வொரு தட்டும் புது ஸ்ட்ரிங்ல விழும். திஸ்ர நடை. கேட்க அழகா இருக்கும், ஆனா அதையே பண்ணிக்கிட்டிருந்தா தாளத்தை ஸ்ட்ரிங் மாற்றம் தாங்கிப் பிடிக்குது, நீங்க பிடிக்கலை. ஒரு வாரம் கழிச்சு அதே பேட்டர்னைத் தட்டுக்கு நாலு ஸ்வரமா மாத்துங்க. தட்டு ஸ்ட்ரிங்கோட நடுவுல போய் விழும். ஆரம்பத்துல கை குழம்பும். வேகத்தை 50-க்குக் குறைச்சுக்கோங்க. மூணு தடவை தொடர்ந்து பிசகில்லாம வந்தா 4 கூட்டுங்க. பிசகினா 8 குறைங்க.

நேரா ஏறி இறங்குறதை ரெண்டு நாளோட விட்டுட்டு ஜோடியா வாசிங்க: சக, ரிம, கப, மத, பநி, தச. இ வடிவத்துல: 6-ல 3, 5-ல 2, 6-ல 5, 5-ல 3, 5-ல 2, 5-ல 5, 5-ல 3, 4-ல 2, 5-ல 5, 4-ல 4, 4-ல 2, 4-ல 5. அடுத்த புள்ளி எங்கன்னு விரலுக்குத் தானா ஓடுற வழி இங்க அடைபடும். நீங்க யோசிச்சே ஆகணும்.

சுருதிப்பெட்டி:

மூன்றாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன்.

ஏ-யில் தொடங்கும் பேட்டர்னை வாசித்தால் டோரியன் வாசித்ததாக ஆகிவிடாது. பின்னணியில் ஜி ஒலித்துக் கொண்டிருந்தால், நீங்கள் ஏழு பேட்டர்னில் எதை எந்த ஃப்ரெட்டில் வாசித்தாலும் அது ஜி மேஜர்தான். ஆதாரத்தை ஏ-க்கு மாற்றினால் அதே புள்ளிகள், அதே விரல்கள், ஆனால் கேட்பது டோரியன். பெயரை முடிவு செய்வது ஆதார சுருதி, இடதுகை நிற்கும் இடம் அல்ல. ஆகவே பேட்டர்ன் ஒவ்வொன்றுக்கும் மோடின் பெயரை ஒட்டி மனப்பாடம் செய்வது வேண்டாம். "ரி-யில் தொடங்கும் பேட்டர்ன்" என்றே சொல்லிப் பழகுங்கள்.

நம் இசையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் பிடிபட வேண்டியது. மேஜர் ஸ்கேலின் ஸ்வர ஸ்தானங்கள் 29-வது மேளமான (தாய் ராகமான) தீரசங்கராபரணத்துடையவை. மோடு என்பது அதன் கிரகபேதம், அதாவது அதே ஸ்வரங்களில் வேறொன்றை ஆதாரமாக்குவது. ரி-யை ஆதாரமாக்கினால் கரகரப்பிரியா, க-வில் ஹனுமத்தோடி, ம-வில் மேசகல்யாணி, ப-வில் ஹரிகாம்போஜி, த-வில் நடபைரவி. நி-யை ஆதாரமாக்கினால் சுத்த பஞ்சமம் கிடைக்காது, இரண்டு மத்தியமம் வந்துவிடும். எனவே அது மேளகர்த்தா இல்லை. மேற்கில் அதற்கு லோக்ரியன் என்று பெயர். இங்கே ஒத்துப்போவது ஸ்தானங்கள் மட்டுமே. ஃப்ரெட்டில் நேராக வாசித்த எட்டு ஸ்வரம் தோடி ராகம் ஆகிவிடாது. கமகம் வேண்டும், பிரயோகங்கள் வேண்டும்.

பயிற்சி எளிது. தம்புரா செயலியை 5 கட்டையில், அதாவது ஜி-யில் வையுங்கள். 6-வது ஸ்ட்ரிங் 5-வது ஃப்ரெட்டில் தொடங்கும் பேட்டர்னில் ஐந்து நிமிடம் உலவுங்கள். கை எங்கே போனாலும் காது ஜி-யில் வந்து ஓய்வெடுக்கும். கையை எடுக்காமல் தம்புராவை 6 கட்டைக்கு, அதாவது ஏ-க்கு மாற்றுங்கள். இப்போது அதே பேட்டர்ன் முற்றிலும் வேறாகக் கேட்கும்; முன்பு காந்தாரமாக இருந்த பி இப்போது ரிஷபம். இந்த ஒரு பயிற்சி ஏழு பெயர்களை மனப்பாடம் செய்வதைவிட அதிகம் கற்றுத் தரும்.

ஒரு சிறு குறிப்பு. நல்ல தம்புராவோடு வாசிக்கும்போது கிட்டாரின் காந்தாரம் சற்று உயர்ந்து கேட்டால் டியூனிங்கைத் திருகாதீர்கள். ஃப்ரெட் அமைப்பில் அந்த ஸ்வரம் 400 சென்ட் (ஒரு அரைஸ்வரம் 100 சென்ட்). தம்புராவின் நாதத்தில் இயல்பாக ஒலிக்கும் அந்தர காந்தாரம் ஏறக்குறைய 386. அந்த 14 சென்ட் வித்தியாசம் ஃப்ரெட் வாத்தியத்துடன் வருவது.

புதுத்தந்தி:

நன்றி எல்லாருக்கும். ஒற்றை ஸ்ட்ரிங் பயிற்சி ஆறும் முடிச்சுட்டேன், ஸ்வரம் சொல்லி வாசிக்க வருது. டி வடிவமும் சி வடிவமும் தனித்தனியா வருது. ஆனா வாசிச்சுக்கிட்டே ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்கு மாறும்போது ஒரு நொடி நின்னு போகுது. எந்த விரல்ல மாறணும், எந்த ஸ்ட்ரிங்ல மாறணும்னு ஏதாவது கணக்கு இருக்கா?

ஆறாம்கம்பி:

இருக்கு. ரெண்டு பொசிஷனுக்கும் பொதுவான ஸ்வரங்கள்தான் வாசல். இ வடிவத்தோட மேல் பாதியும் டி வடிவத்தோட கீழ் பாதியும் ஒரே புள்ளிகள். 4-வது ஸ்ட்ரிங்ல 4, 5 ரெண்டுக்கும் சொந்தம். இ வடிவத்துல அந்த 4 மோதிர விரல், 5 சுண்டுவிரல். டி வடிவத்துல 4 ஆள்காட்டி, 5 நடுவிரல். மாறுறதுன்னா அந்தப் புள்ளியில விரலை மாத்துறதுதான், வேற ஒண்ணும் இல்லை. 4-வது ஸ்ட்ரிங்ல 2-ஐ ஆள்காட்டியால வாசிச்சதும் அதே விரலை 4-க்குச் சறுக்கி விடுங்க. 5 நடுவிரல், 7 சுண்டுவிரல். அவ்வளவுதான், டி வடிவத்துக்குள்ள வந்தாச்சு. அப்புறம் இதையே மத்த அஞ்சு ஸ்ட்ரிங்லயும் தேடுங்க. ஸ்ட்ரிங்குக்கு ஒரு வாசல் வீதம் ஆறு வாசல்.

நின்னு போறதுக்குக் காரணம் பெரும்பாலும் கண்ணு. விரல் நகர்ந்த பிறகு ஃப்ரெட்டைத் தேடினா தாமதம்தான். விரல் கிளம்புறதுக்கு முன்னாடியே கண்ணு போய்ச் சேர வேண்டிய ஃப்ரெட்ல இருக்கணும். போற ஸ்வரத்தோட பேரையும் முன்னாடியே வாய்ல சொல்லிடுங்க.

எல்லாத்தையும் ஒரே ஓட்டத்துல சேர்க்க, மூணு ஸ்தாயிக்கு இது ஒரு நல்ல வழி:

6: 3 5 7
5: 3 5 7
4: 4 5 7
3: 4 5 7, கை மாற்றி 9 11 12
2: 10 12 13
1: 10 12 14 15

மொத்தம் 22 ஸ்வரம், ஜி-யில தொடங்கி மூணு ஸ்தாயி மேல இருக்கிற ஜி-யில முடியும். பெரிய நகர்வு ஒண்ணே ஒண்ணு, 3-வது ஸ்ட்ரிங்ல: 7-ஐ சுண்டுவிரல் வாசிச்சதும் ஆள்காட்டி 4-ல இருந்து 9-க்குப் போகுது. 9, 11, 12-க்கு ஆள்காட்டி, மோதிரம், சுண்டு. 2-லயும் அதே விரல்கள். 1-வது ஸ்ட்ரிங்ல 10 ஆள்காட்டி, 12 மோதிரம், அதே மோதிர விரலை 14-க்குச் சறுக்கி, 15 சுண்டு. பெரிய நகர்வுல கட்டைவிரலும் கூடவே போகணும். அது பின்னாடியே தங்கிட்டா 9-வது ஃப்ரெட்ல கை சாய்ஞ்சு 11 எட்டாது. அந்த நாலு ஸ்வரத்தை மட்டும், 5 7 9 11, முன்னும் பின்னுமா வாசிச்சுப் பழகிட்டு முழுசுக்குப் போங்க.

கேப்போ:

இந்த 3–2 ஸ்ட்ரிங் தொல்லையே வேண்டாம்னு இ, ஏ, டி, ஜி, சி, எஃப்னு எல்லாத்தையும் ஒரே இடைவெளியில டியூன் பண்றவங்களும் இருக்காங்க. ஸ்டான்லி ஜோர்டான் அப்படித்தான் வாசிக்கிறார். பேட்டர்ன் எந்த ஸ்ட்ரிங்ல ஆரம்பிச்சாலும் ஒரே வடிவம். ஆனா நமக்குப் பழக்கமான ஓப்பன் கார்டுகளும் முழு பார் கார்டும் அப்படியே போயிடும். நாலு ஸ்ட்ரிங் பேஸ் வாசிக்கிறவங்களுக்கு அந்தக் கவலையே இல்லை. ஆறாம்கம்பி சொன்ன விதியில ம–நி விலக்கு ஒண்ணு மட்டும் போதும்.

நைலான்தந்தி:

கிளாசிக்கல் கிட்டார் வைத்திருப்பவர்களுக்கு: ஸ்கேல் நீளம் 650 மி.மீ. என்பதால் விரிப்பு ஏறக்குறைய அதேதான், ஆனால் நட் (நெக்கின் தலைப்பக்கம் ஸ்ட்ரிங்குகள் உட்காரும் பட்டை) அகலம் 52 மி.மீ. அளவில் இருப்பதால் 6-வது ஸ்ட்ரிங்கில் அகல அமைப்பு இன்னும் கடினம். ஐந்து பொசிஷனில் தொடங்குங்கள். உடல் 12-வது ஃப்ரெட்டில் சேர்வதால் அதற்கு மேல் கட்டைவிரலை நெக்கின் முதுகிலிருந்து விளிம்புக்குக் கொண்டு வர வேண்டியிருக்கும். வலதுகையில் ஆள்காட்டியும் நடுவிரலும் மாறி மாறி வரும்போது, பிக்குக்குச் சொன்ன அதே ஒற்றைப்படைச் சிக்கல் இங்கும் உண்டு: ஆள்காட்டி மெல்லிய ஸ்ட்ரிங்கிலும் நடுவிரல் தடித்த ஸ்ட்ரிங்கிலும் குறுக்காக நிற்க நேரும். எந்த விரலில் தொடங்கினால் குறுக்கு குறைகிறது என்று பார்த்து முதல் விரலைத் தேர்ந்தெடுங்கள்.

நெக்பிக்கப்:

அஞ்சு வடிவமும் ஜி-யில வந்துடுச்சுன்னா அடுத்து இதைப் பண்ணுங்க. கையை 2-வது ஃப்ரெட்லயே வெச்சுக்கிட்டு எஃப், சி, ஜி, டி, ஏ அஞ்சு மேஜரையும் வாசிங்க. எஃப் டி வடிவத்துல வரும், சி ஏ வடிவத்துல, ஜி இ வடிவத்துல, டி சி வடிவத்துல, ஏ ஜி வடிவத்துல. இந்த வரிசையில போனா ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு நோட்தான் மாறும். எஃப்-ல இருந்து சி-க்கு, பி ஃப்ளாட் பி ஆகும். சி-ல இருந்து ஜி-க்கு எஃப், எஃப் ஷார்ப் ஆகும். ஜி-ல இருந்து டி-க்கு சி, சி ஷார்ப். டி-ல இருந்து ஏ-க்கு ஜி, ஜி ஷார்ப்.

தடுக்குற இடங்களை இப்பவே சொல்லிடறேன். சி மேஜர்ல எஃப் நோட் 2-வது ஸ்ட்ரிங் 6-ல வரும், சுண்டுவிரலை ஒரு ஃப்ரெட் நீட்டணும். ஏ மேஜர்ல ஜி ஷார்ப் 3-வது ஸ்ட்ரிங் 1-ல, ஆள்காட்டியைப் பின்னால நீட்டணும். ஜி-ல இருந்து டி-க்குப் போறப்ப 5-வது ஸ்ட்ரிங்ல சி 3-ல இருந்து 4-க்கு நகரும், அது சுலபம். ஆனா மேல் ஸ்தாயி சி 3-வது ஸ்ட்ரிங் 5-ல இருந்தது, அதோட சி ஷார்ப் 3-வது ஸ்ட்ரிங்ல 6. கை நகராம வேணும்னா அது 2-வது ஸ்ட்ரிங் 2-க்குப் போயிடும். ஒரே நோட் மாறினாலும் ஸ்ட்ரிங்கே மாறுது. டி-யை மட்டும் தனியா வாசிச்சுப் பழகிட்டு அப்புறம் வரிசையில சேருங்க.

புதுத்தந்தி:

இதையும் தொடங்கறேன். ஒரு சின்ன விஷயம்: இ வடிவத்துல 5-வது ஸ்ட்ரிங் 5-ல இருந்து 4-வது ஸ்ட்ரிங் 5-க்கு நேராப் போறப்ப, ரெண்டும் சுண்டுவிரல். தூக்கி வெச்சா இடைவெளி விழுது. படுக்க வெச்சு ரெண்டையும் அழுத்தினா ரெண்டும் சேர்ந்து ஒலிக்குது.

மெட்ரோனோம்60:

தூக்கவும் வேண்டாம், படுக்க வெச்சு அழுத்தவும் வேண்டாம். உருட்டணும். 5-வது ஸ்ட்ரிங்கை விரல் நுனியால அழுத்துங்க. அந்த நேரத்துல விரலோட அடிப்பக்கம் 4-வது ஸ்ட்ரிங்கைத் தொட்டும் தொடாம இருக்கணும். அடுத்த ஸ்வரத்துக்கு நுனி மூட்டை லேசாத் தட்டையாக்கி எடையை நுனியில இருந்து நகக்கண்ணுக்குப் பின்னால இருக்கிற சதைக்கு மாத்துங்க. நுனி 5-வது ஸ்ட்ரிங்கை விட்டுத் தூக்காது, அழுத்தம் மட்டும் குறையும். அதனால அந்த ஸ்ட்ரிங் தானா அணையும். இறங்கும்போது சதையில தொடங்கி நுனிக்கு வாங்க.

மெட்ரோனோம் இல்லாம, இந்த ரெண்டு ஸ்வரத்தை மட்டும் மெதுவா மாத்தி மாத்தி வாசிங்க. ரெண்டும் சேர்ந்து ஒலிச்சா அழுத்தம் குறைய நேரமாகுது, நடுவுல மௌனம் வந்தா சீக்கிரம் குறையுது. சுண்டுவிரல் அப்பவும் கேட்கலைன்னா 12-வது ஃப்ரெட்டுக்கு மேல இதே ரெண்டு ஸ்ட்ரிங்ல ஒரே ஃப்ரெட்ல பழகிட்டு வாங்க, அங்க ஃப்ரெட் இடைவெளி குறுகல், விரல் நீட்ட வேண்டியதில்லை.